கொம்புள்ள ஹெர்ஃபோர்டுக்கு எந்தக் காளை? வாசகி கடிதமும் கால்நடை மருத்துவரின் பதிலும்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கு மேட்டுநிலத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்று சொல்லி ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவரும் கணவரும் வாங்கிய நிலத்தோடு ஹெர்ஃபோர்டு என்னும் இறைச்சி இனத்தின் கொம்புள்ள பசுக்கள் 38-ம் வந்திருக்கின்றன. இப்போது தாயோடு நிற்பவை 31 கன்றுகள்; மூத்ததற்கு ஒன்பது வாரம். போன வருடக் கிடாரிகள் ஒன்பது, பதினாலு மாதத்தில் நிற்கின்றன. பழைய காளைக்குப் பின்னங்கால் போய்விட்டது. நவம்பரில் பசுக்களோடு விடப் புதுக் காளை வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆங்கஸ் இனம் என்கிறார்கள். கன்று பெரிதாக இருக்கட்டும் என்று கணவருக்கு ஷரோலே மேல் கண். கொழுந்தனார் வாக்யூவில் பணம் இருக்கிறது என்கிறார், குவீன்ஸ்லாந்தில் இருக்கும் அண்ணன் பிராமன் என்கிறார். கடிதத்தின் கனமான பகுதி வேறு. போன ஏப்ரலில் எட்டு மாதக் கன்றுகளுக்குக் கூலிக்கு ஆள் வைத்துக் கொம்பு தோண்டி எடுத்தார்களாம்; மரத்துப்போக ஊசி இல்லை, இரண்டு கன்றுக்குப் புழு வைத்துவிட்டது. “இனி அதைப் பார்க்க என்னால் முடியாது. பிறவியிலேயே கொம்பில்லாத மொட்டைக் காளை வாங்கினால் கொம்பு ஒழியுமா? ஒழியும் என்றால், நல்ல பரம்பரையைக் கலந்து கெடுத்தவள் ஆவேனா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

காளை பற்றிப் பேசும் முன் அந்த 31 கன்றுகளைப் பார்த்துவிடுவோம். அவற்றுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கன்றுக்குச் சுமார் இரண்டு மாதம் வரை கொம்புக் குருத்து தோலோடுதான் இருக்கும், மண்டை ஓட்டில் வேர் பிடிக்காது. விரலால் தள்ளினால் நகரும். அந்தப் பருவத்தில் சூட்டுக்கோலால் குருத்தைச் சுற்றி வட்டமாகச் சுட்டுவிட்டால் வேலை முடிந்தது. ரத்தமும் இல்லை, ஓட்டையும் இல்லை. வேர் பிடித்தபின் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினால் கொம்பின் உள்ளே நெற்றிக் குழிவு நீண்டு வந்துவிடும். அதை அறுப்பது மண்டைக்குள் வாசல் திறப்பது போல. போன வருடம் புழு வைத்தது அதனால்தான். உங்கள் பராமரிப்பில் குறை தேடாதீர்கள், அந்த வயதில் வலி மருந்தில்லாமல் செய்ததுதான் தவறு.

ஆஸ்திரேலியாவின் மாட்டு நலத் தரநெறி, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாட்டுக்கு வலி நிவாரணம் இல்லாமல் கொம்பு எடுக்கக் கூடாது என்கிறது. முதன்முறையாகப் பட்டிக்கு வரும் கன்றுக்கு மட்டும், மாநிலம் அனுமதித்தால், பன்னிரண்டு மாதம் வரை விலக்கு உண்டு. அது பெரும் பரப்பில் மேயும் வடக்குப் பண்ணைகளுக்கான ஏற்பாடு. உங்கள் கன்றுகள் காயடிக்க இரண்டாம் மாதமே பட்டிக்கு வந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்தத் தரநெறி மாநிலச் சட்டத்தில் எந்த அளவுக்குக் கட்டாயம் என்பது இடத்துக்கு இடம் மாறும். எது எப்படியானாலும், வயது எதுவானாலும், மருந்து கொடுத்தே செய்யுங்கள்.

இந்த வாரமே உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கண்ணின் வெளிக் கோணத்துக்கும் கொம்படிக்கும் நடுவே, எலும்பு விளிம்பின் கீழ் ஓடும் நரம்பில், மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஊசி போட வேண்டும். போட்டபின் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். கூடவே மெலாக்ஸிகாம் என்னும் வலி மருந்து, கிலோ எடைக்கு 0.5 மில்லிகிராம், தோலுக்கடியில் ஒரு தடவை. நரம்பு ஊசி சுடும் நேரத்து வலிக்கு. மெலாக்ஸிகாம் அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று நாள் வலிக்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கூடுதலாக வளர்ந்துவிட்ட மூத்த கன்றுகளுக்கும் ஈக்கள் பெருகும் முன் முடித்துவிடலாம். கொம்பு நுனியை மட்டும் வெட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதனால் வண்டியில் ஒன்றையொன்று முட்டிக் கறி கன்றிப்போவது குறைவதில்லை.

மொட்டைக் காளையும் கொம்பின் கணக்கும்

இப்போது உங்கள் கேள்வி. கொம்பில்லாமைக்கான மரபணு ஓங்கும் இயல்புடையது. கன்றுக்கு அது தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து கிடைத்தாலும் தலை மொட்டைதான். கொம்புள்ள உங்கள் பசுக்களிடம் அது அறவே கிடையாது; இருந்தால் கொம்பு முளைத்திருக்காது. ஆகவே எல்லாம் காளையைப் பொறுத்தது. தூய ஆங்கஸ் காளைக்கு அந்த மரபணு இரண்டு பிரதியும் இருக்கும், அதனால் உங்கள் பசுக்களுக்குப் பிறக்கும் கன்று ஒவ்வொன்றும் மொட்டையாகவே பிறக்கும். சில காளைக்கன்றுகளுக்கு மட்டும் கொம்பிடத்தில் எலும்போடு ஒட்டாமல் தோலோடு ஆடும் சிறு குச்சி வரலாம். பெரும்பாலும் அது தொந்தரவு தராது.

கொம்பு ஒரே தலைமுறையில் கண்ணுக்கு மறையும், ரத்தத்தில் மறையாது. இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மொட்டைக் கிடாரிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி கொம்பு மரபணு ஒளிந்திருக்கும். அவற்றை மறுபடி கொம்புள்ள ஹெர்ஃபோர்டுக் காளையிடம் விட்டால் பாதிக் கன்றுக்குக் கொம்பு வரும். கலப்புக் கிடாரியும் கலப்புக் காளையும் சேர்ந்தால் நாலில் ஒன்றுக்கு வரும். “மொட்டைக் காளை” என்று விற்பனைப் பட்டியலில் போட்டிருப்பதும் போதாது. மொட்டை ஹெர்ஃபோர்டு, ஷரோலே, சிமெண்டால் காளைகளில் ஒரே பிரதி உள்ளவையும் உண்டு. அப்படிப்பட்ட காளையை வாங்கினால் உங்கள் பட்டியில் பாதிக் கன்று கொம்போடு வந்து நிற்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள், விற்றவர் சொன்னதோ உண்மையாகவே இருக்கும். வால் மயிரின் வேரை வைத்துச் செய்யும் மரபணுச் சோதனை முடிவைக் கேளுங்கள். இரண்டு பிரதி என்று எழுத்தில் இருந்தால் மட்டும் விலை பேசுங்கள்.

பரம்பரை கெடும் என்ற பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மொட்டை ஹெர்ஃபோர்டு வேறு இனம் வந்து கலந்ததால் உண்டானது அல்ல. 1901-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாரன் கேமன் என்பவர், தூய ஹெர்ஃபோர்டு மந்தைகளில் இயல்பாகவே கொம்பில்லாமல் பிறந்த 11 மாடுகளைத் தேடி வாங்கித் தொடங்கியது அது. அதே செவலை உடம்பு, அதே வெள்ளை முகம். கொம்புள்ள பசுக்களுக்கு நல்ல மொட்டை ஹெர்ஃபோர்டுக் காளையைச் சேர்த்தால் பிறப்பது முழு ஹெர்ஃபோர்டுதான். இனம் காக்க வேண்டும் என்ற ஆசையும் கொம்பு வேண்டாம் என்ற ஆசையும் உங்களிடம் மோதவே வேண்டியதில்லை.

கலப்பின் பலன் எங்கே இருக்கிறது

பெரும்பாலோர் கலப்பின் பலனைக் கன்றின் எடையில் தேடுகிறார்கள். உங்கள் கணவர் ஷரோலேயைப் பார்ப்பதும் அதனால்தான். பெரிய பங்கு கன்றில் இல்லை, கலப்புத் தாயில் இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஹெர்ஃபோர்டு, ஆங்கஸ், ஷார்ட்ஹார்ன் மூன்றையும் வைத்துப் பல ஆண்டு பார்த்தார்கள். தூய பசுவுக்குக் கலப்புக் கன்று பிறந்தால், காளையோடு விட்ட ஒரு பசுவுக்குக் கிடைக்கும், பால்மறக்கும் கன்றின் எடை சுமார் 8 சதவீதம் கூடியது. தாயும் கலப்பானால் அதற்கு மேல் இன்னும் 15 சதவீதம் அளவுக்கு, மொத்தம் 23. கலப்புப் பசு எளிதில் சினை பிடிக்கிறது, கன்றைக் காப்பாற்றுகிறது, பால் கொடுக்கிறது, கூடுதல் வருடம் மந்தையில் நிற்கிறது. ஆகவே முதல் தலைமுறைக் கிடாரிகளை எல்லாம் சந்தைக்கு ஏற்றிவிட்டால் அந்த 15-ஐ இன்னொருவர் பண்ணைக்குத் தூக்கிக் கொடுத்தவர் ஆவீர்கள். காளை வாங்கும் முன்பே அந்தக் கிடாரிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அதைப் பொறுத்துத்தான் எந்தக் காளை என்பதே தெளியும்.

கலப்பால் வரும் இந்தக் கூடுதல் பலனை வீரியம் என்போம்; அது தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே தொடராது. நம் ஊரில் ஜெர்சிக் கலப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கலப்புக் கிடாரியை மறுபடி அவள் தந்தை இனத்துக்கோ தாய் இனத்துக்கோ விட்டால் கன்றில் பாதி வீரியம்தான் மிஞ்சும். இரண்டு இனக் காளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு நீடித்து நிற்கும். மூன்றாவது இனக் காளையை விட்டு எல்லாக் கன்றையும் விற்றால் முழுதும் கிடைக்கும். ஆனால் அப்போது அடுத்த தாய்ப்பசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிற்கும்.

நான்கு காளைகள்

பிராமனை முதலில் ஒதுக்குகிறேன். உங்கள் அண்ணன் அவர் மண்ணுக்குச் சரியாகவே சொல்கிறார். உண்ணியும் வெக்கையும் உள்ள குவீன்ஸ்லாந்தில் ஹெர்ஃபோர்டும் பிராமனும் சேர்ந்த பிராஃபோர்டு 1940-களிலிருந்தே வளர்க்கப்படுகிறது. உறைபனி விழும் உங்கள் மேட்டில் அந்தக் குணங்களுக்கு வேலையில்லை. திமில் உயரம் கூடினால் இறைச்சித் தரமதிப்பீட்டில் மதிப்பும் குறையும். இன்னொன்று: பிராமன் காளைக்கு ஹெர்ஃபோர்டுப் பசு போடும் கன்று பிறக்கும்போதே கனமாக இருக்கும், முக்கியமாகக் காளைக்கன்று. பிராமன் பசுவுக்கு ஹெர்ஃபோர்டுக் காளை என்று திருப்பிப் போட்டால் கன்று சிறுக்கும். எந்தப் பக்கம் தாய் என்பது அவ்வளவு முக்கியம்.

வாக்யூ கன்று சிறிதாகப் பிறக்கும், ஈற்று சுலபம். ஆனால் வாக்யூ பெரும்பாலும் கொம்புள்ள இனம். அதை உங்கள் பசுக்களுக்கு விட்டால் ஒவ்வொரு கன்றுக்கும் கொம்பு முளைக்கும். எதை ஒழிக்க எழுதினீர்களோ அதையே விலைக்கு வாங்குவது போல் ஆகும். அந்தக் கன்றுக்கு மேல்விலை தருவது, வாக்யூவுக்கென்றே உள்ள, தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டிகள் மட்டும்தான். வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், சாதாரணச் சந்தையில் மெதுவாக வளரும் கன்று என்ற விலைதான் கிடைக்கும்.

ஷரோலே நல்ல கறி இனம், உங்கள் கணவர் ஆசை தவறில்லை. பல ஈற்று ஈன்ற பெரிய பசுவுக்கு விடலாம். ஒன்பது கிடாரிகள் பக்கம் அது போகவே கூடாது. வெளிர் மஞ்சள் உடம்பில் வெள்ளை முகமாகக் கன்றுகள் வரும், கனம் பிடிக்கும், எல்லாமே விற்பனைக்கு. இப்போது அது வேண்டாம். சில வருடம் கழித்து உங்களிடம் கலப்புத் தாய்ப்பசுக்கள் நிறைந்தபின் மூன்றாவது இனமாக அதைக் கொண்டுவந்தால் அப்போது அது தன் முழுப் பலனைத் தரும்.

ஆக, இந்த நவம்பருக்கு ஆங்கஸ். உடம்பு காரி, முகம் வெள்ளை, தலை மொட்டை. சந்தையில் தேடி வாங்கும் கன்று அது. கண்ணைச் சுற்றி நிறம் ஏறுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. வெளுத்த இமையுள்ள ஹெர்ஃபோர்டுக்கு வெயிலால் வரும் கண் புற்று பெரிய தொல்லை. நிறமுள்ள இமைக்கு அது குறைவு. உங்கள் பசுக்களின் கண்ணைப் பட்டிக்கு வரும்போதெல்லாம் பாருங்கள். இமையிலோ விழியோரத்திலோ சிறு பரு போலத் தெரிந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எனக்குச் சரியென்று படும் வழி

இந்த வருடமும் அடுத்த வருடமும் எல்லாப் பசுவுக்கும் ஆங்கஸ். அடுத்த ஆகஸ்டில் பிறக்கும் கலப்புக் கிடாரிகள் மூன்றாவது நவம்பரில் பருவத்துக்கு நிற்கும். அவை தந்தையோடு ஒரே அடைப்பில் இருக்கக் கூடாது. அந்த வருடம் ஆங்கஸை விற்று, மொட்டை மரபணு இரண்டு பிரதியும் உள்ள ஹெர்ஃபோர்டுக் காளையை வாங்குங்கள். கலப்புக் கிடாரிக்கும் மொட்டைக் கன்று, மிச்சமிருக்கும் கொம்புள்ள பசுவுக்கும் மொட்டைக் கன்று. பின்னதற்குப் பிறப்பது முழு ஹெர்ஃபோர்டு. சூட்டுக்கோலுக்கு வேலை இந்த வருடத்தோடு முடிகிறது.

இதில் ஒரு விலை உண்டு. கலப்புப் பசுவை ஹெர்ஃபோர்டிடம் விடும்போது கன்றுகளில் சுமார் பாதி செவலையாக வரும். காரி நிறத்துக்குத் தரும் கூடுதல் காசு அவற்றுக்குக் கிடைக்காது. நிறத்துக்காக மறுபடி ஆங்கஸையே விட்டாலும் அந்தக் கன்றில் வீரியம் பாதிதான்; தலைமுறைதோறும் ஆங்கஸையே விட்டால் அது மேலும் பாதி பாதியாகக் குறையும். உங்கள் சந்தையில் இரண்டு நிறத்துக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு என்று அதற்குள் இரண்டு வருடம் கவனித்துவிட்டு முடிவெடுங்கள்.

தூய ஹெர்ஃபோர்டை விடாமல் தனியாகவே காக்க வேண்டும் என்றால் கணக்கு இது: 38 பசுவில் வருடம் ஆறு கழியும் என்று வைத்தால் ஆறு நல்ல கிடாரி வேண்டும். அதற்குக் குறைந்தது 16 பசுவையாவது ஹெர்ஃபோர்டுக்கு விட வேண்டும், ஏனென்றால் பிறப்பதில் பாதி காளைக்கன்று, கொஞ்சம் சேதம், ஒன்றிரண்டு தேறாது. மிச்சம் 22 பசுவுக்குத்தான் ஆங்கஸ். இரண்டு காளை, இரண்டு அடைப்பு. அது பாரம் என்றால் அந்த 16-க்கும் சினை ஊசி போட்டு, பிடிக்காதவற்றை ஆங்கஸிடம் விடலாம். அப்படியானால் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காளை வாங்கும்போது

காளையின் மரபுத் திறனை எண்ணால் மதிப்பிடும் பிரீட்பிளான் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது ஈற்று எளிமை. அது கூடுதலாக இருக்க வேண்டும். பிறகு பிறப்பு எடை, சினைக் காலம், இரண்டும் குறைவாக. பிறப்பு எடை மதிப்பு ஒரு காளைக்கு 6, மற்றதற்கு 2 என்றால் கன்றுகளுக்கு வரும் வித்தியாசம் சராசரி 2 கிலோ, ஏனென்றால் காளை கொடுப்பது பாதியைத்தான். ஆங்கஸ் பட்டியலின் எண்ணை ஹெர்ஃபோர்டுப் பட்டியலின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். இரண்டின் அளவுகோலும் வேறு.

எண்கள் நன்றாக இருந்து காளைக்கு ஆண்மை இல்லாவிட்டால் ஒரு வருடமே போகும். மருத்துவர் கையெழுத்திட்ட இனவிருத்திப் பரிசோதனை, அதில் விந்தின் அசைவும் விதைப்பையின் சுற்றளவும் இருக்க வேண்டும். சினையைக் கெடுக்கும் நோய்களான பெஸ்டிவைரஸுக்குச் சோதனை, விப்ரியோவுக்குத் தடுப்பூசி, இரண்டும் முடிந்ததா என்றும் கேளுங்கள். காளை பிறகு பயன்படாமல் போனால் விற்றவர் என்ன செய்வார் என்பது விற்பனை விதிகளில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏலம் முடிந்தபின் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. பண்ணையிலேயே நேராக வாங்கினால் காதுவில்லை எண்ணை உங்கள் பண்ணைக் குறியீட்டுக்கு மாற்றிப் பதிவது உங்கள் பொறுப்பு, உடனே செய்துவிடுங்கள்.

38 பசுவும் 9 கிடாரியும் சேர்ந்தால் 47. இரண்டு வயதுக் காளைக்கு இருபது, இருபத்தைந்துதான் அளவு. முதிர்ந்த காளைக்கும் 40-ஐத் தாண்டினால் பிடிக்காமல் போகும். ஆகவே கிடாரிகளுக்குச் சினை ஊசி, பசுக்களுக்கு மூன்று நான்கு வயதுக் காளை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நவம்பர் 10-இல் விட்டு ஒன்பது வாரத்தில் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு பசுவுக்கும் மூன்று சினைப்பருவம் கிடைக்கும். சினைக் காலம் 283 நாள், ஆகஸ்ட் 20 முதல் அக்டோபர் மூன்றாம் வாரம் வரை ஈற்று. கடைசிக் கன்றுவரை ஒரே பருவத்தில் வந்தால் பார்ப்பதும் விற்பதும் எளிது.

அந்த ஒன்பது கிடாரிகள்

ஊசி போடும் முன் எடை போடுங்கள். உங்கள் முதிர்ந்த பசு 550 கிலோ என்றால் கிடாரி 330-க்குக் குறையக் கூடாது; குறைந்தவற்றை இந்த வருடம் விட்டுவிடுங்கள். ஊசிக்கு ஈற்று எளிமையில் மேலான ஆங்கஸ் விந்தையே கேளுங்கள். கலப்பென்பதாலேயே கன்று தூயதைவிடச் சற்றுக் கனக்கும். தலையீற்றுக் கிடாரிக்கு அந்த ஒரு கிலோவும் கணக்குத்தான். சினையின் கடைசி மாதங்களில் பட்டினி போட்டுக் கன்றைச் சிறிதாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். கன்று அவ்வளவாகச் சிறுக்காது, தாய்தான் தளர்ந்து முக்க வலுவில்லாமல் போகும், அடுத்த சினையும் தள்ளிப்போகும். அதே சமயம் கொழுக்கவும் விடாதீர்கள். ஐந்துக்கு மூன்று என்ற உடல்நிலை போதும்.

ஆகஸ்டில் அவற்றை வீட்டருகே உள்ள அடைப்புக்குக் கொண்டுவாருங்கள், இரவிலும் பார்க்க முடிய வேண்டும். பனிக்குடம் தெரிந்து இரண்டு மணி நேரத்தில் கன்று வராவிட்டால் மருத்துவரை அழையுங்கள். ஒரு கால் மட்டும் வந்தாலோ, குளம்பின் அடிப்பாகம் மேல்நோக்கி இருந்தாலோ அந்த இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.